நாலு புரோட்டீனுக்கும் ஒரே வால்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க சார், எனக்கு வெயில் ஆகாது. ஆனா ஒரு உபகாரம் பண்ணணும். இந்தத் தெர்மகோல் பெட்டிய மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்கங்க. கீழ வச்சா என்ஜின் சூடு ஏறும், மேல வச்சா எவனாவது மூட்டைய ஏத்திருவான். நானே வச்சுக்கலாம், முட்டி சரியில்ல. அதுபோக, பேசும்போது எனக்குக் கை சும்மா இருக்காது, நானே தட்டி விட்டுருவேன். பிடிச்சாச்சா? ஆங், அப்படித்தான். மீனு இல்ல சார், பயப்படாதீங்க. கண்டக்டரும் அதையேதான் கேட்டான். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் ஐஸ் பெட்டியோட ஏறினா அது மீனாத்தான் இருக்கணுமா?

உள்ள இருக்கறது ஆன்டிபாடி. சின்னக் குப்பி, கட்டை விரல் அளவுதான் இருக்கும். மிச்சமெல்லாம் ஐஸு.

நீங்க கரூர்ப் பக்கம் கல்யாணத்துக்குத்தானே போறீங்க? புது வேட்டி, மடிப்புக்கூடக் கலையல. பையில லட்டு வாசம் வேற. எனக்கு ஒரு ஆளப் பாத்தாப் போதும் சார், சொல்லிருவேன். கவனிக்கறதுதான் எங்க தொழிலே. இருங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நான் சொன்னது சரியாத்தான் இருக்கும்.

நான் டாக்டர் தெய்வசிகாமணி. ஊசி போடற டாக்டர் இல்ல. இந்த ரோட்டுலயே ரயில்வே கேட் தாண்டினா ஒரு உயிரியல் ஆராய்ச்சி நிலையம் வரும், அங்க புரொபசர். வழக்கமா கார்லதான் போவேன். கார் சர்வீஸுக்கு விட்டிருக்கு.

அந்த நிலையத்துல எனக்கு நடந்த அநியாயத்தக் கேட்டீங்கன்னா, நீங்க கல்யாணத்த மறந்துட்டு என்கூட இறங்கி வருவீங்க. நான் மிகைப்படுத்தறவன் இல்ல. விஞ்ஞானி சார் நான்.

கொரோனா வர்றதுக்கு முன்னாடி நாங்க நாலு புரொபசருங்களும் ஆளுக்கொரு பயிர் நோயப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்தோம். எனக்கு சிறுமலை வாழை. வாழைக்கு வர்ற வைரஸப் பத்தி நான் ஆராய்ச்சி பண்ணினேன், வாழை பாட்டுக்குச் செத்துச்சு, ஒரு பயலும் ஒரு கேள்வி கேட்டதில்ல. கொரோனா வந்ததும் டெல்லியில இருந்து சொல்லிட்டாங்க, இனிமே கொரோனாவ ஆராயறவனுக்குத்தான் நிதின்னு. டைரக்டரம்மா எங்க நாலு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சு, சமோசா கொடுத்து, வைரஸப் பாகப்பிரிவினை பண்ணினாங்க.

பாகப்பிரிவினைன்னா நிஜமாவே பாகப்பிரிவினைதான். அந்த வைரஸோட உடம்பக் கட்டியிருக்கறது நாலு புரோட்டீன். ஒரு பலாப்பழத்த நினைச்சுக்கங்க. வெளிய முள்ளு நிக்குதுல்ல, அது ஸ்பைக். முள்ளு முளைச்சிருக்கற தோலு, அது மெம்பிரேன். உள்ள சுளை மாதிரி அதோட சரக்கச் சுருட்டிக் கட்டி வச்சிருக்கறது நியூக்ளியோகாப்சிட். நாலாவதா ஒண்ணு இருக்கு, என்வலப்னு. பொடிசு. தோலுக்கு நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா ஒட்டிக்கிட்டு இருக்கும். பலாப்பழத்துல அதுக்குச் சமமா என்ன இருக்குன்னு நானும் ரொம்ப யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. பலாப்பழம் அது இல்லாமயே நல்லாத்தான் இருக்கு.

சீனியாரிட்டிப்படி முள்ளு எனக்கு வரணும். நியாயம்தானே? அத எனக்கு ரெண்டு வருஷம் பின்னாடி சேந்த அல்ஃபோன்ஸுக்குத் தூக்கிக் கொடுத்தாங்க. தோலும் சுளையும் மத்த ரெண்டு பேருக்கு. எனக்கு என்வலப். வடையத் தின்னுட்டு ஓட்டைய மட்டும் எங்கிட்டக் கொடுத்தாங்க சார்.

அப்பறம் நாட்டுல நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. டிவியப் போட்டா முள்ளு, பேப்பரத் தொறந்தா முள்ளு. டீக்கடையில நிக்கறவன்கூட ஸ்பைக் புரோட்டீன்ங்கறான். அல்ஃபோன்ஸ் உள்ளூர் சேனல்ல கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்து முள்ளப் பத்திப் பேசறான். என் சம்சாரம் அதப் பாத்துட்டு எங்கிட்டக் கேக்கறா, ‘உங்களுது அதுல எந்தப் பக்கம் இருக்கு?’ன்னு. படத்துல என்வலப்ப வரையவே இல்ல சார். அன்னைக்கு நான் சாப்பிடல.

சரி, போகட்டும், ஓட்டையக் கொடுத்தாலும் நான் அதுல ஒரு வடை சுட்டுக் காட்டறேன்னு இறங்கினேன். முதல் வேலையா ஆன்டிபாடி. ஆன்டிபாடின்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லணும்ல. ஒரு புரோட்டீன ஆராயணும்னா முதல்ல அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும். கண்ணுக்குத் தெரியாது. ஆன்டிபாடி மோப்ப நாய் மாதிரி. ஆயிரம் புரோட்டீனுக்கு நடுவுல விட்டாலும் தனக்குப் பழக்கமான ஒண்ண மட்டும் போய்க் கவ்விக்கும். கவ்வின இடத்துல வெளிச்சம் வர்ற மாதிரி நாங்க ஒரு ஏற்பாடு பண்ணிருவோம். கேமராவுல அது கறுப்பா ஒரு பட்டையா விழும். பட்டை விழுந்தா சரக்கு இருக்கு, விழலேன்னா இல்ல. அவ்வளவுதான் விஷயம்.

அத உண்டாக்கறது முயல். நமக்கு வேண்டிய புரோட்டீன முயலுக்கு ஊசியில ஏத்தினா, இதென்னடா புதுசா இருக்குன்னு அதோட உடம்பு ஆன்டிபாடி செய்யும். கொஞ்சம் ரத்தம் எடுத்துக்க வேண்டியதுதான். நான் வாங்கினது நல்ல வெள்ளை முயல், ஐராவதம்னு பேரு வச்சேன். அது எங்கிட்ட ரொம்பப் பிரியமா இருக்கும்.

புரோட்டீனுக்கு எங்க போறதுன்னு கேளுங்க. பாக்டீரியாவுல வளப்போம். வளந்ததும் அந்தச் சகதியில இருந்து நம்ம புரோட்டீன மட்டும் தனியா உருவணும். அதுக்காக முதல்லயே அதுக்குப் பின்னாடி ஒரு வால் ஒட்டி விட்டுருவோம். வாலும் ஒரு புரோட்டீன்தான், வேற ஏதோ புழுவுல இருந்து எடுத்தது. வாலப் பிடிச்சு இழுத்தா உடம்பும் கூட வந்துரும். உலகத்துல எல்லா லேபுலயும் இப்படித்தான். எங்க நாலு பேருக்கும் ஒரே வால், டைரக்டரம்மா மொத்தமா வாங்கிக் கொடுத்தாங்க. மொத்தமா வாங்கினா சல்லிசு.

என்வலப் பொடிசுன்னு சொன்னேன்ல, அதுக்கு இந்த வால் உடம்ப விட மூணு பங்கு பெருசாப் போச்சு. பல்லிக்கு முதலை வால் வச்ச மாதிரி. அப்ப எங்கிட்டப் பிஎச்.டி. பண்ணிட்டிருந்த பொண்ணு ஒருத்தி, பூரணகலான்னு பேரு, அவ வந்து கேட்டா, வால வெட்டிட்டு உடம்ப மட்டும் முயலுக்குப் போடலாமா சார்னு. வெட்டினா பாதி சரக்கு வீணாப் போகும், நாளும் ஆகும். அல்ஃபோன்ஸ் வேற ஏற்கெனவே முயல் வாங்கிட்டான். நான் சொன்னேன், ‘முயலுக்குத் தெரியும்மா எதப் பாக்கணும்னு. நீ ஊசியப் போடு.’

என்ன சார், நிமிந்து உக்காந்துட்டீங்க? பெட்டி கனக்குதா? இல்லையா, சரி. அந்தப் பொண்ணப் பத்தித்தான் சொல்ல வர்றேன். இந்தக் கதையில வில்லனே அவதான். ராஜபாளையம் பக்கம். அப்பா ஜவுளிக்கடை வச்சிருக்காராம். கடையில துணிய உதறிப் பாத்து, வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்து, ஓட்டை இருக்கா சாயம் போகுமான்னு பாப்பாங்கள்ல, அந்தப் புத்தி அப்படியே அந்தப் பொண்ணுக்கும் வந்திருக்கு. வளத்த விதம் அப்படி. சந்தேகம், எதுக்கெடுத்தாலும் சந்தேகம்.

ஐராவதம் என்னைக் கைவிடல சார். அந்த ரத்தத்துல இருந்து எடுத்த ஆன்டிபாடிய என் என்வலப் மேல போட்டுப் பாத்தேன். பட்டைன்னா பட்டை, புதுசாத் தார் ரோடு போட்ட மாதிரி விழுந்துச்சு. எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பொண்ணு சாப்பிட்டுக்கிட்டே கேக்கறா, ‘வாலோட உள்ள புரோட்டீன்லதானே சார் பாத்திருக்கோம்?’ன்னு. பிரியாணி சாப்பிடும்போது பேசற பேச்சா அது?

அப்பறம் எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்துச்சு. அல்ஃபோன்ஸோட முள்ளு சுத்தமா இருக்கான்னு பாத்துருவோமேன்னு அதுலயும் என் ஆன்டிபாடியப் போட்டேன். பட்டை விழுந்துச்சு. திக்குனு ஆயிருச்சு. என்வலப்புக்கான ஆன்டிபாடி முள்ளக் கவ்வுதுன்னா என்ன அர்த்தம்? இவன் என் சரக்கத் திருடிக் கலந்துட்டான்னு நேரா டைரக்டரம்மாகிட்டப் போய்ப் புகார் சொன்னேன். அவங்க மத்த ரெண்டையும் பாத்துட்டு வாங்கன்னாங்க. பாத்தேன். தோலுலயும் பட்டை, சுளையிலயும் பட்டை. ஒருத்தன் என் சொத்த எடுத்தாத் திருட்டு. எல்லார்கிட்டயும் என் சொத்து இருந்தா? அது திருட்டு இல்ல சார், கண்டுபிடிப்பு.

நாலு புரோட்டீனையும் ஒரே ஆன்டிபாடி பிடிக்குது. உலகத்துல யாருகிட்டயும் இல்லாதது. சதுர்முகின்னு பேரு வச்சேன். பேப்பரோட திண்டுக்கல் பதிப்புல போட்டோவோட வந்துச்சு, நான் ஐராவதத்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கற மாதிரி. என் சம்சாரம் அத ஃபிரேம் போட்டு மாட்டினா. துறைத் தலைவர் நாற்காலி அப்பத்தான் காலியாகற நேரம். போற வர்றவனெல்லாம் எனக்கு முன்கூட்டியே வணக்கம் வச்சான். அல்ஃபோன்ஸ்கூட வச்சான் சார், எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, வாயில வாழைப்பழத்தோட.

அந்த நேரத்துலதான் அவ வந்து கதவாண்ட நிக்கறா. ஜெல்லி மீன்ல போட்டுப் பாக்கணும்ங்கறா.

ஜெல்லி மீன் புரோட்டீன் ஒண்ணு எல்லா லேப் ஃபிரிட்ஜுலயும் கிடக்கும், பச்சையா மினுக்கும், புதுசா வர்ற பிள்ளைங்க பழகறதுக்கு வச்சிருப்போம். அதுக்கும் இதே வாலத்தான் ஒட்டியிருக்கு. நான் கேட்டேன், ‘கொரோனாவுக்கும் ஜெல்லி மீனுக்கும் என்னம்மா சம்பந்தம்?’

அவ சொல்றா, ‘சம்பந்தம் இல்லேங்கறதுக்காகத்தான் சார் பாக்கணும்.’

இதுக்கு என்ன சார் அர்த்தம்? சம்பந்தம் இல்லாதத எதுக்குப் பாக்கணும்? நான் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். நான் சாப்பிடப் போன நேரத்துல போட்டுப் பாத்துட்டா. ஜெல்லி மீனும் தார் ரோடு.

வேற ஒருத்தனா இருந்தா இடிஞ்சு போயிருப்பான். நான் உக்காந்து யோசிச்சேன். எந்த முடிவு வந்தாலும் அதுல ஒரு உண்மை இருக்கும், அத நாமதான் தேடி எடுக்கணும். கொரோனாவுக்கும் கடலுக்கும் ஏதோ பூர்வீகத் தொடர்பு இருக்குன்னு ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினேன். இன்னும் பரிசீலிக்கறாங்க. நாளாகுதுன்னா நல்ல அறிகுறி, சட்டுனு புரியற விஷயம் இல்ல பாருங்க.

அவ அதோட விடல. வேற ஒரு ஊர்ல நிஜ வைரஸ வளத்து, கொன்னு, ஆபத்து இல்லாமப் பக்குவம் பண்ணி வச்சிருப்பாங்க. அதக் கேட்டு வாங்கிட்டு வந்து அதுல சதுர்முகியப் போட்டிருக்கா. ஒண்ணும் விழல. துடைச்சு விட்ட சிலேட்டு மாதிரி இருக்கு. நான் சொன்னேன், செத்த வைரஸ் எப்படிம்மா காட்டும்னு. அப்பத்தான் அவ அந்தப் பேச்சப் பேசினா. நின்னு நிதானமா, சத்தம்கூடப் போடாம.

‘நிஜ வைரஸுக்கு வால் இல்ல சார். முயல் வாலத்தான் பாத்திருக்கு. இது கொரோனாவுக்கான ஆன்டிபாடி இல்ல, வாலுக்கான ஆன்டிபாடி. ஆனா அருமையான ஆன்டிபாடி சார். எல்லா லேபுலயும் இந்த வால் இருக்கு, எல்லாருக்கும் இது வேணும். லேபிள மட்டும் மாத்திருவோம்.’

லேபிள மாத்தறதாமே. பேப்பர்ல வந்தாச்சு, சம்சாரம் ஃபிரேம் போட்டு மாட்டியாச்சு, நாற்காலி வாசல் வரைக்கும் வந்தாச்சு. கொரோனாவ நாலு பக்கமும் பிடிச்சவன்னு பேரு வாங்கினவன், இனிமே வாலப் பிடிச்சவன்னு போர்டு மாட்டிக்கணுமா? நீங்களே சொல்லுங்க சார். சொல்லாட்டியும் பரவாயில்ல, உங்க முகத்துலயே தெரியுது.

இப்ப அநியாயத்துக்கு வர்றேன். அவ தீசிஸ் எழுதினா. அதுல அந்தப் படத்தப் போட்டிருக்கா. அஞ்சு பட்டை. நாலு கொரோனா, அஞ்சாவது ஜெல்லி மீன். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன் சார், அந்த அஞ்சாவது பட்டைய மட்டும் கத்தரிச்சுரும்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னு. கொலையா பண்ணச் சொன்னேன்? ஒரு ஓரத்தக் கத்தரிக்கறது. ஜவுளிக்கடைக்காரர் பொண்ணுக்குக் கத்தரிக்கத் தெரியாதா? மாட்டேன்னுட்டா. கத்தரிச்சா மிச்சம் இருக்கற நாலும் பொய்யாயிரும் சாருங்கறா.

சரி, நீயாச்சு உன் படமாச்சுன்னு நான் கையெழுத்துப் போடல. எனக்கு அவசரம் இல்ல, அவளுக்குத்தானே அவசரம். உதவித்தொகை நின்னு போச்சு. சாயங்காலமானா திண்டுக்கல்லுல பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கறதாக் கேள்விப்பட்டேன். ஆராய்ச்சியில இருக்கவேண்டிய நேரத்துல டியூஷன், பாத்துக்கங்க அக்கறைய. கேன்டீன்ல பாப்பேன், மத்தியானத்துக்கு ஒரு டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க உடம்பக் குறைக்கறேன்னு இப்படித்தான் பட்டினி கிடக்குதுங்க.

தண்ணி குடிக்கறீங்களா சார்? கண்ணெல்லாம் சிவந்திருக்கே. ஜன்னல்ல தூசி வருதோ. சாத்திக்கங்க.

எங்கிட்ட அவளுக்கு உள்ளூர மரியாதை உண்டு, அத நான் மறைக்க மாட்டேன். ஒரு நாள் வராண்டாவுல நின்னு வீட்டுக்கு ஃபோன் பேசிட்டிருந்தா. ‘எல்லாம் நல்லாப் போகுதுப்பா, சார் ரொம்ப உதவியா இருக்காரு, நீங்க கவலப்படாதீங்க’ன்னு அவ வாயால சொன்னத நான் என் காதால கேட்டேன். நான் உதவியா இல்லாட்டி எதுக்கு சார் அப்படிச் சொல்லணும்?

அப்பறம் எல்லாம் தலைகீழா ஆச்சு. சதுர்முகிய வாங்கிட்டுப் போன வேற லேபுக்காரங்க ஒவ்வொருத்தனா ஃபோன் பண்ணினான். எதுல போட்டாலும் பட்டை விழுதுங்கறான். நல்லதுதானேய்யான்னேன். டைரக்டரம்மா ஒரு கமிட்டி போட்டாங்க. கமிட்டி அந்தப் பொண்ண எங்கிட்ட இருந்து பிரிச்சு, யாருகிட்டக் கொடுத்துச்சுன்னு நினைக்கறீங்க? அல்ஃபோன்ஸ்கிட்ட. நாற்காலியும் அல்ஃபோன்ஸுக்கு. இப்ப நான் என் லேபுக்குள்ள போக அவன்கிட்டச் சாவி கேக்கணும். காரும் இல்ல, மருமகன் எடுத்துட்டுப் போயிட்டாரு.

அங்க போய் அவ என்ன பண்ணினாங்கறீங்க? முதல்ல இருந்து எல்லாத்தையும் செஞ்சா. என்வலப்போட வால வெட்டி எறிஞ்சுட்டு, வெறும் உடம்ப வேற ஒரு முயலுக்குப் போட்டு, புதுசா ஆன்டிபாடி எடுத்து, நிஜ வைரஸ் மேல போட்டா. ஒரு கோடு விழுந்துச்சு. எப்படி இருந்துச்சுங்கறீங்க? பென்சில்ல லேசாக் கிறுக்கின மாதிரி. கண்ணாடியப் போட்டுக்கிட்டுத் தேடணும். அதப் பாத்துட்டு அவ இருட்டு ரூம்ல நின்னு அழுதாளாம், அல்ஃபோன்ஸே கேன்டீன்ல சொல்லிட்டிருந்தான். என் தார் ரோட்டப் பாத்து ஒரு நாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல சார் அவ. இந்தக் கிறுக்கலுக்கு அழுதிருக்கா.

இன்னைக்குப் பதினோரு மணிக்கு அவளுக்கு வைவா. அங்கதான் போய்க்கிட்டிருக்கேன்.

வைவான்னா தீசிஸ எல்லார் முன்னாடியும் நின்னு விளக்கணும். பொது வைவா, யார் வேணாலும் வரலாம், யார் வேணாலும் எந்திரிச்சுக் கேள்வி கேக்கலாம். வீட்டாளுங்க ஊர்ல இருந்து வருவாங்க, பாவம். புதுத்துணி உடுத்திக்கிட்டுப் பின் வரிசையில உக்காந்திருப்பாங்க. ஒரு வார்த்தை புரியாது. ஆனா எப்பக் கை தட்டணும்னு மட்டும் கரெக்டாத் தெரியும். முடிஞ்சதும் அவங்க கொண்டுவந்த இனிப்ப எல்லாருக்கும் கொடுப்பாங்க. நான் போன வைவாவுல எல்லாம் லட்டுதான்.

நான் முன் வரிசையில உக்காரப் போறேன். இந்தப் பெட்டிய மேஜை மேல வைக்கப் போறேன். வெளியூர்ல இருந்து பரீட்சை பண்ண வந்திருக்கற புரொபசர் முன்னாடி எந்திரிச்சு, ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருக்கற கேள்வியக் கேக்கப் போறேன். ‘நான் கொடுத்த ஆன்டிபாடியில தார் ரோடு மாதிரி விழுந்த பட்டை, நீ செஞ்சதுல மட்டும் ஏன்மா கிறுக்கலா விழுது? குறை வைரஸ்லயா, உன் கையிலயா?’ அதக் கேட்டுட்டு, எல்லாத்தையும் திரும்பச் செஞ்சு காட்டணும்னு என் ஆட்சேபணையப் பதிவு பண்ணச் சொல்லுவேன்.

என்ன கேட்டீங்க? டிகிரி நின்னு போயிருமான்னா? நிக்கும். ஆட்சேபணை பதிவானா விசாரிச்சு முடிக்கற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்க, ஆறு மாசமோ ஒரு வருஷமோ. பெங்களூர்ல ஏதோ வேலை கிடைச்சிருக்காம், டிகிரியோட அடுத்த வாரம் வந்து சேரணும்னு. அது போகும்தான். நான் என்ன சார் பண்றது? அதெல்லாம் அஞ்சாவது பட்டையக் கத்தரிக்க மாட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்.

ரயில்வே கேட் போட்டுட்டான் பாருங்க. கூட்ஸ் வண்டி வரும், பத்து நிமிஷம் நிக்கணும். கேட் தாண்டினதும் என் ஸ்டாப். பெட்டியக் கொடுங்க சார், ரொம்ப உபகாரம். அடடா, வேட்டி நனைஞ்சு போச்சே. ஐஸ் தண்ணிதான், கறையெல்லாம் ஆகாது. காஞ்சிரும்.

பெட்டியக் கொடுங்களேன்.

நீங்களும் அங்கதான் இறங்கறீங்களா? அங்க எந்தக் கல்யாண மண்டபமும் இல்லையே சார். எங்க நிலையம் ஒண்ணுதான் இருக்கு.

யாரு?

பூரணகலாவோட அப்பாவா?

முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். ஏறினதும் கல்யாணமான்னு கேட்டேன்ல? ஆமா, நீங்க வாயத் தொறந்தீங்க. நான்தான் சொல்ல விடல. ஆமா.

இல்ல, நான் வில்லன்னு சொன்னது வந்து… அது ஒரு பேச்சுக்கு. ஜவுளிக்கடையப் பத்திச் சொன்னதுகூட நல்ல அர்த்தத்துலதான். நல்ல கடையிலதானே உதறிப் பாப்பாங்க. டீ மட்டும் குடிச்சிட்டு இருந்தது உங்களுக்குத் தெரியாதா? டியூஷனும் தெரியாதா? சொல்லிக்கலையா பாப்பா. நல்ல பிள்ளை, வீட்டக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு இருந்திருக்கு. பெட்டிய இப்படிக் கொடுங்க சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம். நீங்களே தூக்கிட்டு வர்றீங்களா? சரி. உங்க இஷ்டம்.

திட்டறதா இருந்தாத் திட்டிருங்க. இப்படிப் பாத்துக்கிட்டே இருக்காதீங்க சார்.

என்ன? என்னப் பத்தியா? வீட்டுல என்னப் பத்திப் பாப்பா ஒரு குறையும் சொன்னதில்லையா?

அத அவ… அத பாப்பாவே சொல்லுச்சா? இன்னொரு தடவ சொல்லுங்க. ‘எங்க சாரோட ஆன்டிபாடி மாதிரி வாலப் பிடிக்கறது வேற எங்கயும் இல்லப்பா, காசு கொடுத்து வாங்கற எதையும் விட நல்லாருக்கு, பேர மட்டும் மாத்தி ஒட்டினாப் போதும், சார் நல்லா வந்துருவாரு.’ நல்லா வந்துருவாருன்னா? அறுபது வயசுல நான் நல்லா வந்துருவேனாமா?

இத எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே சார் உங்க பொண்ணு.

ஆமா. சொல்லுச்சு. இப்பத்தானே நானே உங்ககிட்டச் சொன்னேன், நின்னு நிதானமாச் சொன்னத. சொல்லும்போது எனக்கு வேற மாதிரிக் கேட்டுச்சு. பேப்பர்ல வந்த ஜோர்ல இருந்தேன் பாருங்க. தீசிஸ்லயும் எழுதியிருக்கா? அந்தப் படத்துல, அஞ்சாவது பட்டைக்குக் கீழயா? ‘இந்த ஆன்டிபாடிய உருவாக்கியவர் தெய்வசிகாமணி’ன்னா? நான் அந்தப் படத்தப் பாத்ததோட சரி சார், கீழ என்ன எழுதியிருக்குன்னு படிக்கல. கத்தரிக்கச் சொன்னேனே, கத்தரிச்சிருந்தா என் பேரும் சேந்துல்ல போயிருக்கும்.

கேட்டத் தூக்கிட்டான். வண்டி நகருது. எந்திரிங்க சார், பாத்து, கம்பியப் பிடிச்சுக்கங்க. லட்டுப் பைய எங்கிட்டக் கொடுங்க, ரெண்டையும் தூக்கிக்கிட்டு எப்படி இறங்குவீங்க. வைவா நடக்கற ஹால் உள்ள போனதும் இடது கைப் பக்கம். பின் வரிசையில போய் உக்காராதீங்க, ஃபேன் ஓடாது. முன் வரிசையில எம்பக்கத்துல உக்காருங்க. யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா, பொண்ணோட அப்பான்னு சொல்லுங்க. முதல் கைடுக்கு வேண்டியவர்னும் சேத்துச் சொல்லுங்க, தப்பில்ல.

கேள்வியா? கேப்பேன் சார். கேக்காம எப்படி? தெய்வசிகாமணி வந்தான், வாயத் தொறக்காம லட்டு தின்னுட்டுப் போனான்னு நாளைக்கு அல்ஃபோன்ஸ் கேன்டீன்ல சொல்லுவான். இல்ல இல்ல, அந்தக் கேள்வி இல்ல. ஆட்சேபணையெல்லாம் ஒண்ணும் இல்ல, அத விடுங்க. வேற ஒண்ணு கேக்கப் போறேன். சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. ‘வாலப் பிடிக்கறதுல இவ்வளவு அருமையான இந்த ஆன்டிபாடிய முதன்முதல்ல உண்டாக்கினது யாரும்மா?’ அவ்வளவுதான். ஒரே பதில்தானே இருக்கு அதுக்கு.

நீங்க கொஞ்சம் வேகமா முன்னாடி போங்க சார். நான் முட்டி வலியோட மெதுவா வர்றேன். உள்ள போனதும் பாப்பாவத் தனியாக் கூப்பிட்டு, சார் இந்தக் கேள்விதான் கேப்பாருன்னு காதுல போட்டு வச்சிருங்க. பதட்டத்துல பதில் சொல்லாம முழிச்சிருச்சுன்னா எனக்குத்தான் அசிங்கம்.